வாய் கொப்பளித்ததும் நன்மை வாங்காததும்

சேசு மரி சூசை துணை

தாழ்வுபாடு,
மன்னார்.
12.05.2011

என்றும் என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மார்த்தா அக்கா அவர்களுக்கு, தம்பி எட்வேட் எழுதிக்கொள்வது. மடு மாதாவின் மன்றாட்டினால் இங்கு நான் பல்லைத் தவிர மற்ற எல்லா அவயவங்களிலும் சுகமாக இருக்கிறேன். தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் இலண்டனில் பல் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுகிறேன்.

நிற்க. தாங்கள் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்து, மண்டபத்தில் எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறதாமே என்று கேட்டு அழுததற்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்று மனவருத்தப்பட்டிருப்பீர்கள். பதில் சொல்ல நான் ஆயத்தமாகத்தான் நின்றேன். தாங்கள் அழுத சத்தத்தில் பாதியும், அத்தான் பின்னால் நின்று பிள்ளையும் இருக்குதோ என்று கேட்கச் சொல்லிக்கொண்டிருந்ததில் மீதியும் போய்விட்டது. ஆகையால் இக்கடிதம். மண்டபத்தில் எனக்குக் குடும்பம் இல்லை. பெண்சாதி இல்லை. பிள்ளையும் இல்லையென்று அத்தானிடம் தெரிவிக்கவும். பிரச்சினைக் காலத்தில் நான் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் தனியாக இருந்தது உண்மை. தனியாகவே திரும்பி வந்ததும் உண்மை. நான் செய்த குற்றம் வேறு. தாங்கள் அனுப்பிய வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலில் எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்துக் கேட்டு நடந்தேன். அதனால் என் கலியாணம் குழம்பப் பார்த்தது. எப்படியென்று ஆதியிலிருந்து எழுதுகிறேன், கோபிக்காமல் வாசிக்கவும்.

எடித்தை எனக்குப் பேசித் தந்தது தாங்கள்தான். என் பெண்சாதி கிறேஸ் செத்து இத்தனை வருசமாகத் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று காய்ந்துபோயிருந்த எனக்கு, ஐம்பத்துநாலு வயதில் இப்படி ஒரு பொம்பிளை ஓம் என்று சொன்னது மாதாவின் கிருபை என்றே நினைத்தேன். ஆனால் அவ ஓம் என்றதோடு ஒரு நிபந்தனையும் வைத்தவ. அவவின் முதல் புருசன் காலில் வந்த புண்ணை டொக்டரிடம் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்து, வேப்பெண்ணெய் பூசிப் பூசியே போய்ச் சேர்ந்த மனிசன் என்பது தங்களுக்குத் தெரியும். நான் முதல் முதல் அவ வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கையில், பல்லுக் கூசி என் முகம் ஒரு பக்கம் கோணினதை அவ கண்டிட்டா. கோப்பையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னா: "உங்கட வாயை ஒருக்கா ஆசுப்பத்திரியில காட்டிப்போட்டு வாங்கோ. வருத்தத்தை மறைக்கிற மனிசனோட இன்னொருக்கா வாழ என்னால ஏலாது." அவ்வளவுதான். சீதனம் பற்றிக் கதையில்லை, வயது பற்றிக் கதையில்லை, பல்லுத்தான் கதை.

பல்லு இந்தக் கதிக்கு வந்த காரணம் பீடிதான், அதாவது பீடியை விட்டதுதான். பீடியை விட்ட பிறகு கடலில விடியும் மட்டும் வாயில என்னத்தைப் போடுறது? பிளேன் ரீயும் கையில பனங்கட்டியும். ஒரு கடி, ஒரு மிடறு, ஒரு கடி, ஒரு மிடறு. மீன் படாத நாளில பனங்கட்டி கூடப் படும். இப்படி வருசக்கணக்காப் போனதில கடைவாய்ப் பல்லு இரண்டு சூத்தையாப் போச்சு. எடித் சொன்னபடி ஆசுப்பத்திரிக்குப் போக, பல் டொக்டரம்மா வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பார்த்து, அந்த இரண்டையும் அடைக்க வேணும், மற்றதெல்லாம் இன்னும் காப்பாற்றலாம் எண்டவ. இரண்டு நேரமும் புளோரைட் பற்பசையால வடிவாத் தீட்டச் சொன்னவ, பனங்கட்டியைக் குறைக்கச் சொன்னவ, விருப்பமெண்டால் புளோரைட் கலந்த மருந்தால வாயும் கொப்பளிக்கலாம், அது சூத்தை வராமல் தடுக்க உதவி செய்யும், ஆனால் பல்லுத் தீட்டுறதுக்குப் பதில் இல்லை எண்டும் சொன்னவ. இவ்வளவையும் அவ சொல்லிக்கொண்டிருக்கேக்க, பக்கத்து அறையில பல்லுக் கடையிற மெசின் தண்ணி கலந்த எண்ணெயில ஓடுற எஞ்சின் மாதிரிக் கத்தினது. அதில அடைக்கிறது எண்ட பங்கை என்ர காது எடுக்கேல்லை. கொப்பளிக்கிறதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டு நேரே பசாருக்கு வந்திட்டன்.

சரிபுதீன் நானாவின்ர மருந்துக்கடையில போய் நிண்டன். அக்கா, எனக்கு அதுவரைக்கும் தெரியாது, வாய் கொப்பளிக்கிறதுக்கு எண்டு ஒரு தட்டு முழுக்கப் போத்தல் அடுக்கியிருக்கும் எண்டு. நீலம், பச்சை, ஊதா, பிறகு மண்ணிறத்தில ஒண்டு. கனக்கப் போத்தலில ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. எந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு எண்டு நானாவைக் கேட்டன். அவர் கண்ணாடியை மேல தள்ளிவிட்டுப் பொறுமையாத்தான் விளங்கப்படுத்தினார். சிலது வாசத்துக்கு மட்டுமாம், காசு குடுத்த கையோட வாசமும் போயிடுமாம். சிலது கிருமிக்காம். சூத்தையைத் தடுக்கிறதெண்டால் புளோரைட் எண்டு எழுதியிருக்கோணுமாம், அது முடிஞ்சுபோச்சு, கிழமை முடிய வரும், பொறுக்கச் சொன்னார். நான் மாப்பிள்ளை, நான் எங்க பொறுக்கிறது? பச்சைப் போத்தலை மூடி திறந்து மணந்தன், மூக்குக்குள்ளால தலைமயிர் வரைக்கும் ஏறிச்சுது, இதுதான் வேலை செய்யும் எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

அடுத்த நாள் பங்குச் சுவாமி கலியாண விசயமாக் கதைக்க வரச் சொன்னவர். நல்லாக் கொப்பளிச்சுப்போட்டுப் போய் முன்னால இருந்தன். சுவாமி இரண்டு கேள்வி கேட்டார், பேந்து எழும்பிப்போய் யன்னலைத் திறந்தார், பேந்து மெல்லமா, கலியாணப் பயத்தில சில பேர் கொஞ்சம் எடுக்கிறதுதான், ஆனால் காலமையே எடுக்கிறது உடம்புக்குக் கூடாது எண்டார். திரும்பி வந்த நாளில இருந்து சாராயம் தொடமாட்டன் எண்டு மடு மாதாவுக்கு நேத்தி வைச்சவன் நான். வீட்டை வந்து போத்தலைத் திருப்பிப் பார்த்தால் அதுக்குள்ள ஸ்பிரிட் கிடக்குது. நான் ஒரு துளியும் விழுங்கேல்லை, எண்டாலும் மனம் கேக்கேல்லை. அதை எஞ்சின் பிளக் கழுவப் பாவிச்சு முடிச்சன். பிளக் இப்ப நல்லாப் பத்துது.

பிறகு மண்ணிறப் போத்தல். நானா சொன்னவர்தான், அது பல்லுப் பிடுங்கின ஆக்களுக்கு டொக்டர் சொன்னால் கொஞ்ச நாளைக்குக் குடுக்கிறது, சும்மா பாவிக்கிற சாமான் இல்லை எண்டு. கிருமியைக் கொல்லுமோ எண்டு கேட்டன், கொல்லும் எண்டார், அப்ப தாங்கோ எண்டு மல்லுக்கட்டி வாங்கினன். கிருமி செத்துதோ தெரியாது, என்ர நாக்குச் செத்துப்போச்சு. பல்லும் தேத்தண்ணிச் சாயத்தில ஊறின மாதிரி வந்திட்டுது. அந்த நேரம் பார்த்து எடித்தின்ர தமையன் பேதுரு அண்ணர் என்னோட ஒருக்கா இருந்து சாப்பிட வேணும் எண்டு வந்தார். கணவாய்க் கறி வைச்சன். ருசி பார்த்தன், உப்பில்லை. போட்டன். பார்த்தன், இன்னும் இல்லை. திரும்பவும் போட்டன். பேதுரு அண்ணர் ஒரு வாய் வைச்சிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் உப்புப் போடட்டோ எண்டு கேட்டன். மனிசன் செம்பில இருந்த தண்ணி முழுக்கக் குடிச்சுப்போட்டுப் போனவர்.

இந்த நிலையிலதான் உங்கட பார்சல் வந்து சேர்ந்தது. போனில நான் பல்லுக் கதை சொன்னதுக்கு நீங்கள் மறக்காமல் அனுப்பின போத்தலைக் கையில எடுத்தபோது எனக்குக் கண் கலங்கினது, அது உண்மை. நானாட்டக் கொண்டுபோய்க் காட்டினன். புளோரைட் இருக்குது, ஸ்பிரிட் இல்லை, உங்கட அக்கா சரியான சாமானைப் பார்த்து எடுத்திருக்கிறா எண்டு சொல்லி, பின்னால எழுதியிருந்ததை எனக்குத் தமிழில வாசிச்சுக் காட்டினார். மூடியில கோடு மட்டும் வார்க்கோணும், ஒரு நிமிசம் வாய்க்குள்ள வைச்சு அலசோணும், துப்போணும், விழுங்கப்படாது, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் தின்னவோ குடிக்கவோ கூடாது. இரண்டு போத்தலில நான் சொல்வழி கேளாமல் பட்ட பாடு காணும், இதில எழுதினதைவிட ஒரு அங்குலம் விலகிறதில்லை எண்டு மாதாவின்ர படத்துக்கு முன்னால முடிவெடுத்தன். எல்லாம் வந்தது அதாலதான்.

நான் கொப்பளிக்கிறது கிணத்தடியில. எங்கட கிணறு மூண்டு வீட்டுக்குப் பொது எண்டு தெரியும்தானே. நான் வாசத் தண்ணியால வாய் கழுவிறதைக் கண்டால் கரையில வலை உதறிக்கொண்டு நிக்கிறவன் எல்லாம் புது மாப்பிள்ளை எண்டு கூப்பிட்டே என்னைக் கொல்லுவான். அதால ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சனமும் பூசைக்குப் போய் முடியும் மட்டும் வீட்டுக்க நிண்டு, பேந்து கிணத்தடிக்குப் போய்ப் பல்லுத் தீட்டி, கொப்பளிச்சு, சேட்டை மாட்டிக்கொண்டு ஓடினன். கோவிலுக்க ஏற சுவாமி பிரசங்கத்தில நிண்டார். மற்ற நாளில எண்டால் அவற்ர பிரசங்கத்துக்க ஒருத்தன் தலைமன்னாருக்குப் போட்டு வரலாம். அண்டைக்கு எண்டு பார்த்துச் சுருக்கமா முடிச்சுப்போட்டார். சுவாமி அப்பத்தைக் கையில எடுத்து நன்மை குடுக்கிற நேரம் வந்திட்டுது, என்ர அரை மணித்தியாலம் முடியேல்லை.

அக்கா, நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்யிறது? நன்மை சாப்பாடு இல்லை எண்டு சொன்னால் ஆண்டவருக்குக் குறை. சாப்பாடு எண்டு சொன்னால் போத்தலுக்குக் குறை. மருந்து கிடக்கிற நாக்கில ஆண்டவரை வாங்கலாமோ எண்டது இன்னொரு பயம். யோசிச்சு முடியிறதுக்குள்ள என்ர வாங்கில இருந்த எல்லாரும் எழும்பிட்டினம். நான் முழங்காலை ஒதுக்கி அவைக்கு வழி விட்டிட்டு அப்படியே இருந்தன். பின் வாங்கில இருந்த பெற்றிசியா அக்கா தோளில தட்டி எழும்பு எண்டவ, நான் தலையை ஆட்டினன். உங்களுக்குத் தெரியும் எங்கட ஊரில ஒருத்தன் நன்மை வாங்காமல் இருந்தால் அதுக்கு என்ன கருத்து எண்டு. சாவான பாவம், பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை, வேறை காரணம் கிடையாது. அது போதாதெண்டு, நன்மை முடிஞ்ச கையோட சுவாமி எங்கட கலியாண ஓலையை வாசிச்சார். எட்வேட்டுக்கும் எடித்துக்கும் திருமணம் செய்யத் தீர்மானித்திருக்கிறது, இவர்களுக்கிடையில் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் எண்டு அவர் சொல்லி முடிக்க, முழுக் கோவிலும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தன்.

இரண்டாம் ஞாயிறும் அதே கிணறு, அதே போத்தல், அதே வாங்கு. சுவாமிக்குத் தொண்டை கட்டி, பிரசங்கம் இன்னும் சுருங்கிப்போச்சு. இரண்டாம் ஓலை வாசிக்கேக்க பெற்றிசியா அக்கா பெருமூச்சு விட்டது எனக்குப் பிடரியில பட்டது. திங்கட்கிழமை விடியமுன்னம் ஊருக்குள்ள கதை முடிஞ்சுபோச்சு. தனிய ஒரு ஆம்பிளை மண்டபத்தில அத்தனை வருசம் இருந்தவன், சும்மாவோ இருந்திருப்பான்? அங்க ஒருத்தி இருக்கிறாள், அதுதான் இவன் ஆண்டவரை வாங்கப் பயப்பிடுறான். மத்தியானம் அதில ஒரு பிள்ளை சேர்ந்தது. பேதுரு அண்ணர் வந்து கதிரையில இருக்காமல் நிண்டபடி, மூண்டாம் ஓலைக்கு முன்னம் உண்மையைச் சொல்லாட்டில் கலியாணம் நிக்கும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். எனக்கு அவர் எந்த உண்மையைக் கேக்கிறார் எண்டு அப்பவும் விளங்கேல்லை, கணவாய்க் கறியைப் பற்றியாக்கும் எண்டு நினைச்சன்.

அண்டு பின்னேரம் ஒருத்தரும் இல்லையெண்டு பார்த்துக் கிணத்தடியில நிண்டு மருந்தை வாயில விட்டு அலசத் தொடங்கினன், வேலிப்பக்கத்தால எடித் வந்து முன்னால நிண்டா. ஓலை வாசிக்கும் வரைக்கும் என்னை எட்வேட் அண்ணை எண்டு கூப்பிட்டவ. இப்ப என்னெண்டு கூப்பிடுறது எண்டு தெரியாமல் எல்லாத்தையும் இஞ்ச எண்டுதான் தொடங்குவா. "இஞ்ச, ஒண்டே ஒண்டு கேக்கிறன். மண்டபத்தில உங்களுக்கு ஒரு பெண்சாதி இருக்கிறாவோ?" எனக்கு வாய் நிறைய மருந்து. விழுங்கப்படாது. கட்டப்போற பொம்பிளைக்கு முன்னால துப்பலாமோ? தலையை இல்லையெண்டு ஆட்டினால் வாயால வழியுது. கையைத் தூக்கிப் பொறுங்கோ எண்டு காட்டினன். அவ பொறுத்தா. என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டே நிண்டா. கண் நிறைஞ்சு வர, திரும்பிப் போயிட்டா. துப்பிப்போட்டு நான் கூப்பிடேக்க அவ ஒழுங்கை திரும்பிட்டா.

அடுத்த நாள் உங்கட போன் வந்தபிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கினது. அக்கா, நான் பயந்துபோனன். இந்த வயதில இனி என்ன எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்தான், ஆனால் அவ அழுதுகொண்டு போனதைக் கண்ட பிறகு எனக்கு அவவை விட்டிட்டு இருக்க ஏலாது எண்டு நல்லாத் தெரிஞ்சுது. போத்தலைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில, ஊர் பார்க்க, ஒழுங்கையால நடந்து அவ வீட்டுக்குப் போனன். தையல் மெசினில இருந்தவ. மெசினுக்கு மேல போத்தலை வைச்சன். பச்சைப் போத்தலில இருந்து தொடங்கி முழுக்கச் சொன்னன், கணவாய்க் கறியையும் விடேல்லை. மண்டபத்தில நான் இராமேஸ்வரத்துக்குப் போய் மீன் பெட்டி தூக்கினதும், கிறேஸுக்கு வருசத்துக்கு ஒரு பூசை வைச்சதும் தவிர ஒண்டும் செய்யேல்லை எண்டும் சொன்னன். அவ போத்தலைத் திருப்பி, பின்னால இருந்த எழுத்தை விரல் வைச்சு வாசிச்சா. அப்ப நேற்று ஏன் துப்பேல்லை எண்டு கேட்டா. உங்களுக்கு முன்னாலையோ எண்டன். அவவுக்குச் சிரிப்பும் வந்து அழுகையும் வந்திட்டுது.

"ஒரு போத்தலில எழுதினதுக்கே இவ்வளவு பயந்து நடக்கிற மனிசன், டொக்டர் சொன்னாலும் கேப்பார், நான் சொன்னாலும் கேப்பார். எனக்கு அது காணும்," எண்டா.

நேற்று அவவே என்னை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவ. மெசின் கத்தினதுதான், ஆனால் அவ வெளியில வாங்கில இருக்கிறா எண்ட நினைப்பில நான் அசையாமல் கிடந்தன். ஒரு பல்லு அடைச்சாச்சு, மற்றது வாற கிழமை. டொக்டரம்மா முழுக் கதையும் கேட்டுச் சிரிச்சு முகமூடி கழண்டுபோச்சு. பல்லுத் தீட்டின கையோட கொப்பளிச்சால் பற்பசையில இருக்கிற நல்லதையும் கழுவிப்போடுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளிக்கட்டாம், அப்ப ஆண்டவருக்கும் போத்தலுக்கும் சண்டை வராதாம். சுவாமியிட்டயும் போய்ச் சொன்னன். அவர் முழுக்கக் கேட்டிட்டு, இந்த ஞாயிறு முன் வாங்கில வந்து இருக்கச் சொன்னார். பேதுரு அண்ணர் மட்டும் இன்னும் முழுசா நம்பேல்லை, ஆனால் நேற்றுக் கதிரையில இருந்தவர்.

ஆகையால் அக்கா, தாங்கள் தயவுசெய்து, தங்களுக்கு இந்த மண்டபக் கதையைக் கொண்டுவந்த பெற்றிசியா அக்காவின் மகள் இலண்டனில் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்து, எட்வேட் ஒரு பாவமும் அறியாதவன், வாய் கழுவினதுதான் அவன் செய்தது என்று சொல்லி, அவ யார் யாருக்குச் சொன்னாவோ அவர்களுக்கெல்லாம் அவ வாயாலேயே சொல்லுவிக்கவும். கலியாணம் அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் என் பெயர் சுத்தமாக வேண்டும். அத்தானுக்கும் மருமக்களுக்கும் என் அன்பைச் சொல்லவும். மாதா தங்கள் எல்லோரையும் தன் முக்காட்டின் கீழ் வைத்துக் காப்பாளாக. பனங்கட்டியை விட்டு இன்றோடு நாலு நாள், அதற்கும் சேர்த்து மன்றாடவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் தட்டாத தம்பி,
அ. எட்வேட்

பி.கு.: கடிதத்தை ஒட்டி அலுமாரிக்கு மேல வைச்சுத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோக மறந்திட்டன். ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து திரும்பப் பிரிச்சு எழுதிறன். முன் வாங்கில இருந்து, சுவாமி என்னைக் கூப்பிட முன்னமே எழும்பிப்போய் நன்மை வாங்கினன். முழுக் கோவிலும் பார்த்தது, பேதுரு அண்ணர் தலையை ஆட்டினார். சந்தோசமாத் திரும்பி வரேக்க பெண்கள் பக்கம் பார்த்தன். எடித் எழும்பேல்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவைக்கு வழி விட்டிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறா. மூண்டாம் ஓலை வாசிக்கேக்க இந்த முறை கோவில் அவவைத் திரும்பிப் பார்த்தது. வெளியில வந்து, நீங்களும் காலமை கொப்பளிச்சனீங்களோ எண்டு கேட்டன். இல்லையெண்டா. "இரண்டு கிழமை உங்களைத் தனிய இருத்திவைச்சுப் பார்த்தவை. இண்டைக்கு என்னையும் பாக்கட்டும் எண்டு இருந்தனான்," எண்டு பெற்றிசியா அக்கா கேக்கத்தக்கதாச் சொன்னா. அதை ஆரும் அப்படி விளங்கேல்லை. இரண்டு பேரும் மாறி மாறி நன்மை வாங்காமல் இருந்தால் அது ஒரே பாவமாத்தான் இருக்கும், அதுவும் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததாத்தான் இருக்கும் எண்டு ஊர் தீர்மானிச்சுப்போட்டுது. பேதுரு அண்ணர் வெக்கத்தில ஓடிப்போய்ச் சுவாமியைக் கண்டு, கலியாணத்தை அடுத்த மாதம் மட்டும் வைச்சிருக்கேலாது, வாற சனிக்கே முடிச்சு வையுங்கோ எண்டு கேட்டு ஓமும் வாங்கிட்டார். ஆகையால் மேல நான் எழுதினது ஒண்டையும் ஆருக்கும் சொல்லவேண்டாம். பெற்றிசியா அக்காவின்ர மகள் கேட்டால் ஊர் இப்ப சொல்லுற இந்தப் புதுக் கதை உண்மை எண்டு சொல்லிப்போட்டு, இண்டைக்கே ரிக்கெற் எடுங்கோ.